நாலு எண்ணி, ஆறு எண்ணி

பாறசாலை ஆஸ்பத்திரியில்
கொல்லத்துக்காரி டாக்டர்
என் மணிக்கட்டைப் பிடித்தபடி சொன்னாள்:
"ஹார்ட்டுக்கு ஒரு குழப்பமும் இல்ல சேச்சி.
நெஞ்சு அடைக்கும்போ
நாலு எண்ணி இழுக்கணும்,
ஆறு எண்ணி விடணும்."

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன்.
நாலு என்றதும்
குழுக் கடனில் நிற்கும் தவணை நாலு.
ஆறு என்றதும்
ஷார்ஜாவிலிருந்து றெஜின் பேசாத மாதம் ஆறு.
எண்கள் நெஞ்சுக்குள்
செருப்போடு நடந்தன.

எண்களை எடுத்துவிட்டேன்.
இழுக்கும்போது, இயேசுவே.
விடும்போது, இரங்கும்.
இதற்கு முழங்கால் வேண்டாம்,
பாய் வேண்டாம், முக்காடும் வேண்டாம்.
குழம்பு கொதிக்கிற நேரம் போதும்.

மாசியில் ரப்பர் தளிர்க்கும்.
பூவில் அல்ல,
இலைக்காம்பு பிரியும் இடத்தில்
தேன் கசிகிற மரம் அது.
லெந்து நாளும் தேன் நாளும்
எங்கள் பக்கம் ஒன்றாகத்தான் வரும்.
வெள்ளிக்கிழமை உபவாசத்தில் அடை எடுக்கிறேன்,
விரலை நக்காமல்
சேலையில் துடைக்கிறேன்,
சேலை இனிக்கிறது.

களியக்காவிளைக்கு மேற்கே
தோட்டத்தின் நடுவில் மாநிலம் மாறுகிறது.
எல்லைக்கல்லின் தலையில்
பால் சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருக்கிறான் வெட்டுக்காரன்.
என் பெட்டிகள் பாதி இங்கே, பாதி அங்கே.
மூடியைத் தூக்கும்போது
மூச்சை நேரே விடக்கூடாது.
புகையைவிட, கையைவிட,
மூச்சுக்குத்தான் அவை பொங்கும்.
எங்கே மூச்சோ அங்கே பகை
என்று எழுதியிருக்கிறது அவற்றின் உடம்பில்.
அதனால், இயேசுவே என்று
அடைக்கு மேல் குனிந்து இழுக்கிறேன்,
இரங்கும் என்பதை
தலை திருப்பி
என் இடது தோளிடம் சொல்லுகிறேன்.

ஒன்றாம் வகுப்புப் பலகையில்
மூன்று புள்ளியாய் இருந்ததே ஓர் எழுத்து,
தனியே நிற்காது,
முன்னால் ஓர் உயிர் வேண்டும்
பின்னால் ஒரு வல்லினம் வேண்டும்
நடுவில் வெறும் காற்று.
அஃது, இஃது என்று கத்திவிட்டு மறந்தோம்.
இப்போது பெட்டிக்கு முன்னால்
அந்த எழுத்தாக நிற்கிறேன்.
முன்னால் அவர். பின்னால் தவணைக்காரி.

சில ராத்திரி பலிக்காது.
இயேசுவே என்று இழுத்து
றெஜினே என்று விட்டுவிடுகிறேன்.
திருத்திக்கொள்வதில்லை.
அதுவும் ஜெபத்தில் சேரும் என்று தோன்றுகிறது,
போதகரிடம் கேட்கவில்லை.

சனிக்கிழமை பெண்கள் ஐக்கியம்.
எஸ்தர்பாயின் ஜெபம்
எகிப்தில் புறப்பட்டு, செங்கடல் தாண்டி,
படந்தாலுமூட்டில்
பஸ் மாறித்தான் வந்து சேரும்.
அடுத்தது நான்.
எழுந்தேன்.
இழுத்தேன்.
விட்டேன்.
மின்விசிறியில் ஒரு இறக்கை ஆடியது.
ரோட்டில் கேரளா பஸ் ஒன்று பிரேக் பிடித்து
நீளமாய்க் காற்றை விட்டது.
"சொல்லுடி" என்றாள் லில்லிபாய்
முக்காட்டுக்குள்ளிருந்து.
சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.
கடைசி வரிசையில்
முந்திரி ஆபீஸில் தோடு உடைக்கும் டெய்சி,
புகை தின்ற நெஞ்சு,
ஈயென்று ஒரு விசில்.
இத்தனை வருஷமாய் அதை
எங்கள் பேச்சு மூடியிருந்திருக்கிறது.
அவள் இழுக்கும்வரை காத்து
நான் இழுத்தேன்.
அவள் விட்டாள்.

யாரும் ஆமென் சொல்லவில்லை.
எஸ்தர்பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
பாட்டின் எண்ணைச் சொன்னாள்,
நூற்றி நாற்பத்தாறு.
பக்கங்கள் புரளும் சத்தத்துக்குள்
இன்னும் ஒன்று இழுத்துக்கொண்டேன்.